நாலாம் நம்பர் பெட்டி

செத்துப்போன ஒருவருடைய இதயத்தை ஒரு பகல் முழுக்க என் நெஞ்சுக்குள் வைத்திருந்து, மறுநாள் காலை பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தவன் நான். ஆபரேஷன் கிடையாது. தழும்பு கிடையாது. மயக்க மருந்துகூடக் கிடையாது. சட்டைப் பட்டனைக்கூட நானேதான் போட்டுக்கொண்டேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். என் மருமகனும் சிரித்தார். அவர் சிரிப்பு எத்தனை மணிக்கு நின்றது என்று நிமிஷம் பிசகாமல் சொல்கிறேன், பொறுங்கள். இது நடந்தது. என் மாத்திரை டப்பாமேல் சத்தியம். அதைவிடப் புனிதமான பொருள் இப்போது எங்கள் வீட்டில் இல்லை.

முப்பத்தி நாலு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தேன். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிற வேலை. "நிமிஷம்" என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நான் வாயைத் திறந்தால் எலி யானையாகிவிடும், ஒத்துக்கொள்கிறேன். நாலு பேர் நின்றால் நாலாயிரம் பேர் என்பேன். ஆனால் நேரத்தில் மட்டும் கை வைக்கமாட்டேன். அது தொழில்.

ஒரு டிரைவர் என் குடையை எடுத்துப்போய், எடுக்கவே இல்லை என்று சாதித்தான். பதினோரு வருஷம் காத்திருந்தேன். ஒரு நாள் ஒரே ஒரு நிமிஷம் தாமதமாக வந்தான். எழுதினேன்.

"ஒரு நிமிஷம்தானேண்ணே!"

"குடையும் ஒண்ணுதானே தம்பி?"

பழி வாங்குவதில் எனக்கு அப்படி ஒரு ருசி. என்னைவிட ருசி கண்ட ஒருவர் இருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

சரி, என் இதயத்துக்கு வருவோம். ஆறு வருஷமாக அதற்கு ஒழுங்கு கிடையாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். என் பாஷையில் சொன்னால், டைம் கீப்பர் இல்லாத பஸ் ஸ்டாண்டு. நாலு பஸ் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வரும். அப்புறம் ஒன்றுமே வராது. இனி வரவே வராதோ என்று நினைக்கும்போது ஒன்று தடதடவென்று உள்ளே நுழையும். முப்பத்தி நாலு வருஷம் நேரம் பார்த்தவன் நெஞ்சுக்குள் இப்படி ஒரு ஸ்டாண்டு! எந்தக் குடை திருடிய டிரைவர் கொடுத்த சாபமோ.

கூடவே வலி. இடது பக்கம், விலா எலும்புக்கு நடுவே, குண்டூசி குத்துகிற மாதிரி. வாரத்தில் மூன்று நாள் வரும். அந்த வலியை எனக்கு நன்றாகத் தெரியும். வாடகை தராத பழைய குடித்தனக்காரன் மாதிரி அது. முகம் தெரியும், நடை தெரியும், எப்போது கதவைத் தட்டும் என்பதுகூடத் தெரியும்.

அந்த வலி இதயத்திலிருந்து வருகிறதா இல்லையா என்று டாக்டருக்குத் தெரியவேண்டும். இதயம் என்றால் வைத்தியம் மாறும். இல்லை என்றால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள் என்றார்.

அங்கே பதிவு எடுக்கும் டெக்னீஷியன் யார்? என் ஒரே மகளைக் கட்டியவர்.

"மாமாவுக்கு வலி நெஞ்சுல இல்ல டாக்டர், வாயில" என்றார், டாக்டர் முன்னாலேயே. டாக்டரும் சிரித்தார்.

அன்றைக்கே மனசுக்குள் நேரம் குறித்துக்கொண்டேன்.

அந்தப் பதிவுப் பெட்டி உள்ளங்கை அளவுதான். கழுத்தில் நாடா போட்டுத் தொங்கவிடுவார்கள். அதிலிருந்து வரும் ஒயர்களை நெஞ்சு முடியைச் சிரைத்துவிட்டு ஒட்டுவார்கள். பெட்டியில் ஒரு பட்டன் உண்டு. வலி வந்தால் அமுக்கவேண்டும். 'பீப்' என்று சத்தம் வரும், பதிவில் ஒரு குறி விழும். கையில் ஒரு தாளும் தருவார்கள். எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது வலித்தது என்று அதில் எழுதவேண்டும். மறுநாள் டெக்னீஷியன் ஒவ்வொரு குறியாகப் பார்த்து, உடம்பு அசைந்ததால் விழுந்த கோணல்களை 'நாய்ஸ்' என்று அழித்துவிட்டு ரிப்போர்ட் போடுவார்.

ஒவ்வொரு குறியாகப் பார்க்கவேண்டும், கவனித்தீர்களா? இருநூறு தடவை அமுக்குவது என்று முடிவு செய்தேன். மாப்பிள்ளை ஒரு வாரத்துக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூடாது!

காலை 8.35. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் அவருடைய அறை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் ஒட்டிய பெட்டிகள் அலமாரியில் சும்மாவே இருந்தன. அவற்றை எல்லாம் தாண்டிப் பின்னால் கைவிட்டு நாலாம் நம்பரை எடுத்தார். ஒரு மாதிரி சிரித்தார்.

"மாமா, தும்மினா அமுக்கக்கூடாது. ஏப்பம் விட்டா அமுக்கக்கூடாது."

"செத்தா அமுக்கலாமா மாப்பிள்ளை?"

"அப்ப அமுக்க ஆள் இருக்காது மாமா."

பெட்டியைக் கழுத்தில் மாட்டினார். நாடா ஈரமாக இருந்தது.

"துடைச்சிருப்பாங்க" என்றார். ஆனால் அவரும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தேன். இரண்டாவது மாடி. என் வீட்டுக்காரி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மட்டும்தான்.

9.10. சும்மா ஒரு தடவை அமுக்கினேன். சத்தம் வரவில்லை.

9.11. மறுபடி. வரவில்லை.

9.12. கட்டைவிரல் வலிக்க அமுக்கினேன். கல்லை அமுக்கியது போல இருந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார் போல என்று பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். பேய் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? நான் பார்த்தது பகல் டியூட்டி.

10.17.

நெஞ்சுக்குள் திடீரென்று ஒழுங்கு வந்தது.

டக்... டக்... டக்... டக்...

மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிஷத்துக்கு நூற்றுப் பத்து. ஒன்றுகூட முன்னே பின்னே இல்லை. ஆறு வருஷத்தில் ஒரு நாளும் இப்படித் துடித்ததில்லை. சந்தோஷப்படவேண்டியவன் நான். எனக்கு முதுகு சில்லிட்டது. தன் வீட்டுக்குள் தனக்குத் தெரியாத ஒருவர் நடந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

அப்புறம் வலி. என் குண்டூசி இல்லை. நெஞ்சின் குறுக்கே பாரம்... தாடைவரை ஏறி, இடது கையில் இறங்கியது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மூச்சு மட்டும் படி ஏறுகிறது.

'பீப்.'

என் இரண்டு கையும் பேப்பரில் இருந்தன.

பட்டனை நான் தொடவே இல்லை.

நாலு நிமிஷத்தில் எல்லாம் அடங்கியது. என் பழைய கோணல் துடிப்பு திரும்பி வந்தது. தாளை எடுத்தேன். "10.17. நாற்காலி" என்று எழுத நினைத்தேன். எழுதி முடித்துப் பார்த்தால், "10.17. படி. நெஞ்சு" என்றிருந்தது.

10.52. கட்டிலில் படுத்திருந்தேன். மறுபடி அந்த ஒழுங்கு. மறுபடி அந்தப் பாரம். இப்போது வலது தோளிலும் ஏதோ அழுத்தியது. காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம்.

களக்... களக்...

நிறைந்த கேனுக்குள் தண்ணீர் புரளுகிற சத்தம்.

'பீப்.'

தோளைத் தொட்டுப் பார்த்தேன். சட்டை நனைந்திருந்தது. மேலே பார்த்தேன். கூரை காய்ந்து கிடந்தது.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"வாய்வு மாமா. வெந்நீர் குடிங்க."

"மாப்பிள்ளை, நான் அமுக்காமலே பீப் அடிக்குது."

அந்தப் பக்கம் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"அது அடிக்காது மாமா" என்றார். வைத்துவிட்டார்.

பெட்டியைக் கழற்றி எறிந்திருக்கலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். எறிந்திருப்பேன். ஆனால் எறிந்தால் பதிவு பாழ். பதிவு பாழானால் மாமாவுக்கு வலி வாயில்தான் என்று முடிவாகிவிடும். செத்தாலும் சாவேன், அந்தச் சிரிப்பை மறுபடி பார்க்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். வீம்பு என்றால் வீம்பு.

11.31. 'பீப்.' இந்தத் தடவை காலடிச் சத்தமும் சேர்ந்துகொண்டது. மாடிப்படியில் யாரோ ஏறுகிறார்கள். மெதுவாக, பாரத்தோடு. கதவைத் திறந்தேன். யாரும் இல்லை.

படியில் ஈரம்.

ஒரு படி விட்டு ஒரு படி.

12.08. 'பீப்.' காலடி முதல் மாடி தாண்டியது.

2.40. 'பீப்.' இன்னும் ஆறேழு படி மேலே.

3.15. 'பீப்.' எங்கள் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கியது. கதவைத் தாழ் போட்டேன். நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். அந்த நாற்காலி காற்றடித்தாலே விழும்!

4.02.

காலடி வாசலுக்கு வந்தது.

நின்றது.

களக்...

ஏதோ கனமாகக் கீழே இறங்கியது. 'தொம்.'

நெஞ்சு பிளந்தது.

'பீப்.'

டக்... டக்...

டக்...

அப்புறம் ஒன்றும் இல்லை.

துடிப்பே இல்லை.

கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தேன்.

ஒன்று...

இரண்டு...

மூன்று...

காதுக்குள் ஒரு குரல். கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

"எழுதிட்டீங்களா?"

முப்பத்தி நாலு வருஷம் கண்டக்டர்கள் ஜன்னல் வழியாக என்னிடம் கேட்ட கேள்வி. வாய் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது.

"எழுதிட்டேன்."

நாலு...

தடதட... தட... தடதடதட... என் ஸ்டாண்டு! என் ஒழுங்கு கெட்ட, நேரம் தவறிய, அருமையான பஸ்களெல்லாம் முட்டிக்கொண்டு உள்ளே வந்தன. அழுதேனா சிரித்தேனா, தெரியவில்லை. பேனாவை எடுத்து 4.02 என்று எழுதினேன்; முந்தைய ஆறு வரி மாதிரியே அதிலும் 'படி. நெஞ்சு' தானாக விழுந்தது. நான் பொய்யன் இல்லை, எழுதிவிட்டுத்தான் சொன்னேன் என்று ஆகவேண்டுமே.

சாயங்காலம் 6.20க்கு என் சொந்தக் குண்டூசி வந்தது. கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. அதையும் தாளில் வேறாக எழுதினேன். பட்டனை அமுக்கினேன். சத்தம் வரவில்லை. ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. டியூட்டி முடிந்துவிட்டது போல.

மறுநாள் காலை 8.33. மாப்பிள்ளை ஒயர்களைப் பிரித்தார். பெட்டியின் பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பதிவைத் திரையில் ஏற்றினார். என் 6.20 தாறுமாறாக மேலும் கீழும் ஓடியது.

"என்ன மாமா, டிவி முன்னாடி ஆடினீங்களா?"

"வலிச்சது மாப்பிள்ளை. எழுதியிருக்கேன் பாருங்க."

"ஆட்டம்தான் இது. நாய்ஸ்." அழித்தார்.

'பீப்.'

மேஜைமேல் இருந்த பெட்டியை இரண்டு பேரும் பார்த்தோம். பேட்டரி அவருடைய உள்ளங்கையில்தான் இருந்தது.

அப்புறம் திரையின் மூலையைப் பார்த்தார். 'குறிகள்: 7.' மணி 8.41. சிரிப்பு அங்கேதான் நின்றது.

ஒவ்வொரு குறியாகத் திறந்தார். ஏழும் ஒரே மாதிரி. ஒழுங்கான துடிப்பு, நடுவில் ஒரு கோடு மட்டும் பள்ளமாகக் கீழே இறங்கியிருந்தது.

"இது... உங்க இதயம் இல்ல மாமா."

"நான் அமுக்கவே இல்லைன்னு நேத்துப் போன்லயே சொன்னேனே."

"குறி விழவே முடியாது. பட்டன் செத்துப்போச்சு. நான்தான்..." நிறுத்திக்கொண்டார். திருகாணியைக் கழற்றிப் பெட்டியைத் திறந்து காட்டினார். பட்டனுக்குப் போகிற ஒயர் வெட்டி, டேப் சுற்றிக் கிடந்தது. "சும்மா சும்மா அமுக்குறவங்களுக்காக இதைத் தனியா வச்சிருக்கேன்."

மற்ற மூன்றையும் தாண்டி எனக்கு இதை எடுத்துக் கொடுத்ததன் ரகசியம் அப்போது புரிந்தது. நான் அவருக்குக் குழி வெட்டினால், அவர் எனக்கு ஒயர் வெட்டியிருக்கிறார்! மெச்சிக்கொள்ள நேரமில்லை.

"எப்ப வெட்டினீங்க?"

"போன மாசம். பழைய ரெக்கார்டு அழியாம உங்களோடது மேல ஏறியிருக்கும் மாமா. அவ்வளவுதான்."

"பழைய ரெக்கார்டு யாரோடது?"

திருகாணியை மேஜைமேல் உருட்டினார். 8.44.

"இங்க தண்ணி கேன் போடுறவர். படி ஏறினா நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னார். டாக்டர் சும்மா ஒரு நாள் மாட்டிப் பார்க்கச் சொன்னார். அதோடயே நாள் முழுக்க கேன் தூக்கியிருக்கார். அப்ப பட்டன் வேலை செஞ்சுது, ஏழு தடவை அமுக்கினார். தோள்ல பாரம் தூக்கினா கோடு அப்படித்தான் கோணும். நாய்ஸ்னு..."

"அழிச்சீங்க."

"நார்மல்னு ரிப்போர்ட் போட்டேன்."

"இப்ப எப்படி இருக்கார்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "இந்தப் படியிலதான் மாமா. ரிப்போர்ட் வாங்கின மூணாம் நாள்."

கீழே லிஃப்ட் கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு ஞாபகம் வந்தது. 'நோயாளிகளுக்கு மட்டும்.'

என் தாளை எடுத்து அவர்முன் வைத்தேன். அவர் மேஜை டிராயரைச் சாவி போட்டுத் திறந்தார். அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். கேன்காரர் எழுதியது. எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தது.

10.17. படி. நெஞ்சு.

10.52. படி. நெஞ்சு.

11.31...

கடைசியில் 4.02.

ஏழு வரி. நேரமும் அதே, வார்த்தையும் அதே.

"இதை எப்பவோ எடுத்துப் பார்த்திருக்கீங்க மாமா" என்றார். டிராயரை மறுபடி பூட்டினார். "உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? எலியை யானைன்னு சொல்ற ஆள்."

"மாப்பிள்ளை, என்னைப் பொய்யன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். என் நேரத்தைச் சொல்லாதீங்க."

"எதேச்சையா இருக்கும். அப்படி ஒண்ணும் நடக்கல."

"அப்ப இது என்ன?"

என் தாளில், 6.20க்குக் கீழே, இன்னொரு வரி இருந்தது. நான் எழுதியது இல்லை. மை இன்னும் காயவில்லை. எழுத்து இடது பக்கம் சாய்ந்திருந்தது.

8.50. படி.

சுவர்க் கடிகாரம் 8.49.



வெளியே, மாடிப்படியில்...

களக்...

களக்...

காலடி. மெதுவாக. பாரத்தோடு.

மாப்பிள்ளை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

8.50. கதவு திறந்தது.

ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். வலது தோளில் தண்ணீர் கேன். தோள் நனைந்திருந்தது. உயிருள்ள மனுஷிதான். மூச்சு வாங்கியது.

"பழைய இடத்துலயே வைக்கட்டுமா சார்? எங்க வீட்டுக்காரருக்குப் பதிலா இனிமே நான்தான்."

'தொம்.' கேனை இறக்கினார். நிமிர்ந்தபோது, திறந்திருந்த என் சட்டையையும், நெஞ்சில் சிரைத்த வட்டங்களையும் பார்த்தார்.

"அவருக்கும் இப்படித்தான் சிரைச்சாங்க, ஐயா. ஒண்ணுமே இல்லைன்னு சீட்டு குடுத்தாங்க. மறுபடி வலிக்குதுன்னு உட்கார்ந்தார். ரிப்போர்ட்டே நல்லா இருக்கு, வேலைக்குப் போகாம இருக்க வலிக்குதுன்னு நடிக்கிறியான்னு நான்தான் திட்டி அனுப்பிச்சேன்." முந்தானையால் தோளைத் துடைத்துக்கொண்டார். "நல்லா நடிச்சார்னுதான் நினைச்சேன்."

பெட்டி மேஜைமேல் பிரித்துக் கிடந்தது. பேட்டரி இல்லை. ஒயர் இல்லை.

'பீப்.'

மாப்பிள்ளையின் வலது கை மெல்ல ஏறி, தன் இடது தோளைப் பிடித்துக்கொண்டது. தாடையைக் கடித்தார். நெற்றியெல்லாம் வேர்வை. நான் எழுந்திருக்கவில்லை. உதவிக்குப் போகவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது... இல்லை, வெட்கமாகவும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

'பீப்.'

அந்த அம்மா கதவுப் பக்கம் திரும்பினார்.

'பீப்.'

"அக்கா" என்றார் மாப்பிள்ளை. "நில்லுங்க."

8.52.

"அவர் நடிக்கலக்கா. வலி நிஜம். எல்லாம் நிஜம். மாமா சொன்னதும் நிஜம். ஏழு தடவையும் நடந்தது... நான்தான் அழிச்சேன்."